மதாம் வோக்லேரின் வெறுங்கால்

மதாம் வோக்லேர் வீட்டுக் கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு எண்ணெய் வண்ணப் படம் தொங்கியது. அதைப் பார்க்காதவன் பாரிசில் பெரிய மனிதனே இல்லை என்று ஒரு காலத்தில் பேச்சு. கிரேக்க மோஸ்தரில் செய்த சாய்விருக்கையில் மதாம் பாதி சாய்ந்திருப்பார். பின்னால் ஒரு சலவைக்கல் தூண். பக்கத்தில் ஒரு யாழ். மதாமுக்கு யாழ் வாசிக்கத் தெரியாது, அதை விடுங்கள். உடம்போடு ஒட்டிய வெள்ளை மஸ்லின் உடை, தோள்வரை வெறுங்கை, கீழே வெறுங்கால். வியாழக்கிழமை தோறும் அந்தக் கூடத்தில் கவிஞர்களும் தளபதிகளும் தத்துவம் பேசுகிறவர்களும் கூடுவார்கள். ஒரு கவிஞர் அந்தக் கால்களை மட்டுமே பாடி நாற்பது அடியில் ஒரு கவிதை எழுதி, கண் கலங்க வாசித்தார்.

முகம் மதாமுடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். கழுத்துக்குக் கீழே இருந்தது அத்தனையும் உர்சுல் என்ற பதினேழு வயதுப் பெண்ணுடையது. அவளுடைய அம்மா பெரீன் அதே வீட்டில் மதாமின் துணிமணிகளைப் பார்த்துக்கொண்ட வேலைக்காரி. இது அந்த பெரீனின் கதை.

பெரீன் யோன் ஆற்றுப் பக்கத்துக்காரி. புருஷன் விறகுத் தெப்பம் ஓட்டுகிறவன். மலைக்காட்டு மரத்தைக் கட்டி ஆற்றோடு மிதக்கவிட்டு பாரிசுவரை கொண்டுவந்து சேர்ப்பான். புரட்சிக்குப் பிறகு வந்த சண்டைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவன் போனவன்தான். ஏழு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரீன் அதே ஆற்றோடு பாரிசுக்கு வந்து, சேன் நதியின் சலவைப் படகுகளில் மண்டியிட்டுத் துணி அடித்தாள். கை வெடித்து ரத்தம் வரும். ஆனால் அந்தக் கையில் ஒரு பக்குவம் இருந்தது. வங்காளத்து மஸ்லினை நூல் பிரியாமல், பழுப்பு ஏறாமல் அலச அவளைப் போல் ஒருத்தியும் இல்லை. அதைக் கேள்விப்பட்டுத்தான் மதாம் அவளை வீட்டோடு வைத்துக்கொண்டார். உர்சுல் வளர்ந்து, இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டுப்பூக் கடையில் ரோஜா இதழ் ஒட்டும் வேலைக்குப் போனாள். ராத்திரி தூங்குவது மட்டும் அம்மாவோடு, மாடி அறையில்.

அந்த வீட்டுச் சமையல்காரி கோத்தோன் வாய்க்கு அஞ்சாதவர் யாரும் கிடையாது. உர்சுலைக் கண்டால் மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். "வாடி என் ராஜாத்தி, இன்னிக்கு எத்தனை ரோஜா பூத்துது?" என்பாள். "முந்நூறு பூத்துது அத்தை. ஒண்ணுகூட மணக்கலை" என்பாள் இவள். அப்படி ஒரு வாய்.

குடியரசின் பதினோராம் வருஷம், நம் கணக்கில் 1803, அந்தப் பாழாய்ப்போன குளிர்காலத்தில், மதாமுக்குப் படம் எழுதிக்கொள்ள ஆசை வந்தது. ஓவியர் தெலாந்த் என்று ஒருவர், ரோமாபுரிக்குப் போய்ப் பழைய சிலைகளைப் பார்த்துவிட்டு வந்தவர். வந்ததிலிருந்து மனிதருக்குக் கல்லைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், புரட்சியின்போது கன்னியாஸ்திரீகளை விரட்டிவிட்டுக் காலியாகக் கிடந்த மடத்தில் அவருடைய பட்டறை. முகத்தை மூன்றே நாளில் எழுதிவிட்டார். நாலாம் நாள் மஸ்லினை நனைக்க வேண்டும் என்றார்.

ஏன் நனைக்க வேண்டும்? கிரேக்கச் சிலைகளில் துணி உடம்போடு ஒட்டியிருக்கிறதாம். உலர்ந்த மஸ்லின் புடைத்து நிற்குமாம். அந்தக் காலத்தில் ஊரே இந்தப் பித்தில்தான் இருந்தது. நாட்டியத்துக்குப் போகும் சீமாட்டிகள்கூட உடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு, ஜனவரி மாதத்தில், வண்டியிலிருந்து இறங்குவார்கள். துணியை நனைக்கப் பக்குவப்பட்ட கை வேண்டும் என்று பெரீனை வரவழைத்தார்கள். அவள் கடற்பஞ்சால் மதாமின் தோளிலிருந்து ஒற்றிக்கொண்டு வந்தாள். இடுப்பு வருவதற்குள் மதாம் மூன்று தும்மல் போட்டார்.

"முகம்தான் முடிஞ்சாச்சே முசியே, மீதிக்கு வேற யாரையாவது உட்கார வைங்களேன்" என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு வண்டி ஏறிவிட்டார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய இடத்துப் படங்கள் எல்லாமே அப்படித்தான். முகம் கொடுக்க வருவது சீமாட்டி, கை கால் கொடுக்க வருவது கூலிக்காரி.

தெலாந்த் தலையைச் சொறிந்தார். "ஒல்லியா, உயரமா, நல்ல கழுத்தோட ஒரு பொண்ணுக்கு இப்ப நான் எங்கே போவேன்?"

பெரீன் பஞ்சைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா முசியே."

அவளை யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். மீதி ஆயுள் முழுக்க அவளை அரித்தது அந்த ஒரு வார்த்தைதான்.

மறுநாள் உர்சுல் வந்து மரச்செருப்பைக் கழற்றினாள். தெலாந்த் அப்படியே குனிந்துவிட்டார். பெருவிரலைவிட அடுத்த விரல் ஒரு நெல் அளவு நீளம். "கிரேக்கக் கால்! அசல் கிரேக்கக் கால்!" என்று கூத்தாடினார். பழைய சிலைகளின் கால் எல்லாம் அப்படித்தான் இருக்குமாம்.

"இது எங்கப்பா கால் முசியே. அவரு தெப்பக்காரரு. கிரேக்கம் எந்தப் பக்கம்னுகூட அவருக்குத் தெரியாது" என்றாள் உர்சுல்.

பதினோரு நாள் உட்கார்ந்தாள். பட்டறையில் கணப்பு இருந்தது, மூட்டக் கூடாது. மூட்டினால் துணி காய்ந்துவிடும், மடிப்புக் கலைந்துவிடும். கால்மணிக்கு ஒரு தரம் பெரீன் எழுந்துபோய் மகளின் தோள், மார்பு, தொடை என்று குளிர்ந்த தண்ணீரால் ஒற்றுவாள். முதல் நாள் உர்சுல் சாய்விருக்கையில் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டு, மதாமின் குரலிலேயே, "பெரீன், எனக்குச் சாக்லேட் கொண்டா. சூடா இருக்கணும். ஆறியிருந்தா வேலையை விட்டுத் தூக்கிடுவேன், தெரிஞ்சுதா?" என்றாள். தெலாந்த் தூரிகையைக் கீழே போட்டுச் சிரித்தார். பெரீனும் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

ஏழாம் நாள் இருமல் வந்தது. அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். "இன்னும் நாலு நாள்தான்" என்றார் தெலாந்த். "ஊர்ல யாருக்குத்தான் இருமல் இல்லைம்மா" என்றாள் உர்சுல். பெரீன் பஞ்சை எடுத்தாள். காசுக்கு ஆசைப்பட்டாள் என்றால்கூட மனசு ஆறும். அவள் ஆசைப்பட்டது பெருமைக்கு. தான் பெற்றது அந்தக் கூடத்தில், தங்கச் சட்டத்துக்குள், தளபதிகள் அண்ணாந்து பார்க்கத் தொங்கப்போகிறது என்ற பெருமை. அது முடியாமல் பாதியில் நின்றுவிடக் கூடாதே என்று நினைத்தாள்.

பிப்ரவரிக் கடைசியில் உர்சுல் போய்ச் சேர்ந்தாள். அந்த வருஷம் பாரிசில் பாதிப் பேருக்கு நெஞ்சுச் சளி, மஸ்லின் காய்ச்சல் என்று ஊரே பேர் வைத்துச் சிரித்தது. இல்லாதவர்களைப் புதைக்கிற பொதுக்குழியில் போட்டார்கள். ஒரு கல் கிடையாது, ஒரு பேர் கிடையாது. வசந்தத்தில் போய்ப் பார்த்தபோது எந்த இடம் என்றுகூட பெரீனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மதாமைக் குறை சொல்லக் கூடாது. அழுதார். கருப்பு உடை தைத்துக் கொடுத்தார். பெரீனை ஒரு வாரம் மாடியை விட்டு இறங்க வேண்டாம் என்று சொல்லி, தன் கையாலேயே சூப்பு கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் ஏப்ரலில் படம் வந்தது.

ஆறு பேர் தூக்கிவந்து மாட்டினார்கள். எல்லோரும் போனபிறகு பெரீன் தூசி தட்டும் இறகுக்கட்டையோடு எதிரே நின்றாள். மதாமின் முகம் அவளைப் பார்த்து அழகாகச் சிரித்தது. அவள் கையை நீட்டி, உள்ளங்கையால் அந்த முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைத்ததும் உர்சுல் இருந்தாள். அதே கழுத்து, பூப்பசை ஒட்டிக் காய்த்த விரல் நுனி, அவள் அப்பன் கால். "அடி என் கண்ணே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து தினமும் காலையில், வீடு எழுந்திருப்பதற்கு முன்னால், சன்னல் கதவைத் திறந்துவிட்டு அப்படி நிற்பாள். கையை உயர்த்துவாள், பார்ப்பாள், இறக்குவாள். ஏழைப்பட்டவர்களுக்குப் படமா இருக்கிறது, சிலையா இருக்கிறது? செத்த பிள்ளையின் முகம் நாலு வருஷத்தில் மங்கிவிடுகிறது. பெரீனுக்கும் மங்கியது. ஆனால் கையும் காலும் மங்காமல் சுவரில் இருந்தன. அது போதும் என்று இருந்தாள். கோத்தோன் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, கேலி எதுவும் செய்யாமல், சத்தம் போடாமல் திரும்பிப் போய்விட்டாள்.

இப்படிப் பதினாலு வருஷம். இதற்குள் மதாம் சொல்லும் கதை வளர்ந்தது. "மூணு வாரம், கணப்புக்கூட இல்லாம, வெறுங்காலோட உட்கார்ந்தேன். கலைன்னா சும்மாவா?" என்று விருந்தாளிகளிடம் சொல்வார். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு பெருமூச்சோடு சொன்னார். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவருக்குப் போய்விட்டது. பெரீன் காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

சக்கரவர்த்தி போனார், ராஜா திரும்பி வந்தார். கோயில் மணி மறுபடி அடித்தது. வெறுங்காலோடு திரிந்த சீமாட்டிகள் எல்லாம் ஜெபமாலையைக் கையில் எடுத்தார்கள். மதாமும் எடுத்தார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் தத்துவம் பேசியவர்கள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது பாதிரியார் உட்கார்ந்தார். படத்தைப் பார்த்த பாதிரியார் தொண்டையைக் கனைத்தார். புனித வாரத்துக்குப் பிறகு அரண்மனையில் செல்வாக்குள்ள ஒரு கோமாட்டி வேறு விருந்துக்கு வருவதாக இருந்தது.

மதாம் பெரீனிடம் அதைச் சொன்னது ஒரு காலை நேரத்தில். பெரீன் தரையில் மண்டியிட்டு அவருக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"தெலாந்துக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன். கையை மூடி ஒரு காஷ்மீர் சால்வை, காலுக்குச் சாட்டின் செருப்பு. ரெண்டே வாரத்துல படத்தைத் திருத்திடலாம்னு சொல்றார்."

பெரீன் காலுறையைப் பாதியில் நிறுத்தினாள். "மதாம்… மூட வேண்டாம் மதாம்."

"ஏன்? இந்த வயசுல நான் வெறுங்காலோட கோமாட்டி முன்னாடி நிக்கணுமா?"

"அது உங்க கால் இல்லை மதாம். எங்க உர்சுலோட கால்."

மதாம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாமல் பார்த்தார். "உர்சுலா? பாவம், அந்தக் குழந்தை துணி மடிப்பு வரையத்தானே வந்து உட்கார்ந்தா? நல்லா ஞாபகம் இருக்கு. கால் என்னுது, பெரீன். நான்தான் உட்கார்ந்தேன். அந்தக் குளிர் இப்பவும் எலும்புல இருக்கு."

பெரீன் கையில் மதாமின் கால் இருந்தது. இருபது வருஷமாகத் தினம் காலுறை மாட்டிய கால். பெருவிரல் நீளம், அடுத்தது கட்டை. குனிந்து அதைப் பார்த்தாள், மதாமும் பார்த்தார். பார்த்தும் அவருக்கு எதுவும் தெரியவில்லை. "மாட்டு, குளிருது" என்றார்.

சமையல்கட்டில் கோத்தோன் கொதித்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? பதினாலு வருஷம் சும்மா இருந்துட்டு இப்பச் சொன்னா எவ நம்புவா?"

"தெலாந்துக்குத் தெரியும்ல? அவரு சொல்லுவாரு."

"சொல்லுவான் சொல்லுவான். இந்த ஊர்ல சீமாட்டிகிட்ட, கால் உங்களுது இல்லைன்னு சொன்ன ஓவியன் எவனாவது மறுநாள் சோறு தின்னிருக்கானா?" என்றவள், பெரீனின் முகத்தைப் பார்த்து அடங்கினாள். "படத்தைத் திருடிட்டு ஓடிடலாம்னா சனியன் ஆள் உயரத்துக்கு இருக்குதே. எங்கடி ஒளிச்சு வைப்போம்? என் சூப்புச் சட்டிக்கு மூடியாவா போடறது?" என்று சொல்லிவிட்டு அவளே இடுப்பில் கட்டிய சமையல் துணியில் மூக்கைச் சிந்தினாள்.

தெலாந்த் வந்தார். நரைத்திருந்தார். இப்போது கலைக்கழகத்தில் அங்கத்தினர், சட்டையில் பதக்கம். மதாம் சிரித்துக்கொண்டே கேட்டார்: "முசியே, எங்க பெரீன் சொல்றதைக் கேளுங்க. படத்துல இருக்கிறது என் கால் இல்லையாம்!"

தெலாந்த் பெரீனைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது.

"இப்படி ஒரு காலை உங்ககிட்டத் தவிர வேற எங்கே மதாம் நான் பார்த்திருக்க முடியும்?" என்று குனிந்து மதாமின் கையில் முத்தம் வைத்தார்.

தூ! நாக்கா அது?

மதாம் உள்ளே போனதும் அவர் பெரீன் பக்கம் திரும்பவில்லை, பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்தார். ஒரு கத்தி, ஒரு நுரைக்கல். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா? இப்ப முப்பது வயசு இருக்குமே. குழந்தை குட்டி ஏதாவது?"

இந்த மனிதருக்கு யாருமே சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

"அந்தப் பிப்ரவரியே செத்துட்டா முசியே. உங்க வேலை முடிஞ்ச மூணாவது வாரம். நெஞ்சுச் சளி."

அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். "நான்தான் கணப்பை மூட்ட விடலை" என்றார்.

"நான்தான் தண்ணி ஒத்தினேன்" என்றாள் பெரீன்.

அவர் உட்கார்ந்துவிட்டார். "நான் என்னம்மா பண்ணட்டும்? நான் மாட்டேன்னா மதாம் வேற ஆளைக் கூப்பிடுவாங்க. அவன் வந்து மூடுவான்."

"இந்தக் கல்லும் கத்தியும் எதுக்கு?"

"பழைய சாயத்தைத் தேய்ச்சு எடுக்கணும். அப்பத்தான் புதுசு பிடிக்கும்."

"தேய்க்காமப் பூசினா?"

"பூசலாம். ஆனா முப்பது நாற்பது வருஷத்துல மேல் பூச்சு மெலிஞ்சுபோகும். அடியில இருக்கிறது லேசாத் தெரிய ஆரம்பிக்கும். கெட்ட வேலைன்னு என்னை ஏசுவாங்க."

"அப்ப தேய்க்காதீங்க."

"அதுக்குள்ள நீயும் இருக்க மாட்டே, நானும் இருக்க மாட்டேன்."

"தெரியும் முசியே. அவ மேல கத்தி மட்டும் வைக்காதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

தெலாந்த் கத்தியைப் பெட்டிக்குள் போட்டார். நுரைக்கல்லையும் போட்டார். ஒரு மனிதர் ஒரே காலையில் கோழையாகவும் இருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம் போலிருக்கிறது.

சால்வையும் செருப்பும் போட்டுக்கொண்டு உட்கார யாராவது வேண்டுமே. மதாமுக்கு மூட்டுவலி. "பெரீன் உட்காரட்டும். சால்வையும் செருப்பும் தெரிஞ்சாப் போதாதா?" என்று சொல்லிவிட்டு மதாம் பூசைக்குப் போய்விட்டார்.

படத்தை இறக்கி நிறுத்தி, சாய்விருக்கையைக் கூடத்தின் நடுவில் போட்டார்கள். இந்த முறை கணப்பு நன்றாக எரிந்தது. அம்பத்தியாறு வயதில், வெடித்த கைகளோடு, ஏலக்காய் நிறக் காஷ்மீர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, பெரீன் மதாமைப் போலச் சாய்ந்து உட்கார்ந்தாள். சாட்டின் செருப்பு குதிகாலில் கடித்தது. படத்தின் முன்பக்கம் ஓவியரைப் பார்த்திருந்தது. அவளுக்குத் தெரிந்தது கித்தானின் முதுகும் மரச் சட்டமும்தான்.

"இப்ப எது முசியே?"

"தோள்."

மறுநாள் கேட்டாள். "முழங்கை" என்றார். அதற்கடுத்த நாள் விரல்கள். அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். தெலாந்த் எதற்கோ பயந்தவர் போல மெதுவாகத்தான் தூரிகை ஓட்டினார். இரண்டு வாரம் என்றது மூன்றாகியது. கோமாட்டி வரும் நாள் நெருங்கியது, மதாம் தினமும் எட்டிப் பார்த்து அவசரப்படுத்தினார்.

கடைசி நாள் காலை, வலது காலுக்குச் செருப்பு போட்டாயிற்று. தெலாந்த் தூரிகையைத் துடைத்தார், இன்னொன்றை எடுத்தார், அதையும் துடைத்தார்.

"இடது கால்தான் பாக்கி" என்றார். "வந்து பார்த்துக்கறியா?"

பெரீன் எழுந்தாள். சால்வை தரையில் இழுபடாமல் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். படத்தில் இருந்தது முழுக்க மதாம்தான், சால்வையும் செருப்புமாக, கோயிலுக்குப் போகிற சீமாட்டி. கீழே ஓரத்தில் மட்டும் ஒரு வெறுங்கால், அஞ்சு விரலோடு. குளிரில் விரல் நுனி சிவந்திருந்ததைக்கூட அன்றைக்கு அந்த மனிதர் விடாமல் எழுதியிருந்தார். இத்தனை வருஷம் தினம் பார்த்தும் அது அவள் கண்ணில் பட்டதில்லை. அழகுக்கு வைத்த சிவப்பு என்றே நினைத்திருந்தாள்.

தொடலாமா என்று கேட்கவில்லை. குனிந்து அந்தக் காலை ஒரு கையால் பொத்தினாள், சூடு ஏறட்டும் என்பது போல. தெலாந்த் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து பெரீன் தானாகவே திரும்பி வந்து சாய்விருக்கையில் உட்கார்ந்தாள். சால்வையைச் சரி செய்துகொண்டாள். செருப்பு மாட்டிய இடது காலை முன்னால் நீட்டினாள்.

"போட்டுடுங்க முசியே" என்றாள். "பிள்ளைக்குக் குளிருது."